பசித்தவன் சம்மதம்

"தொழிலாளி தன் இஷ்டப்படி, தன் சம்மதத்தின் பேரில், தினம் 12 மணி நேரமோ 14 மணி நேரமோ உழைக்க ஒப்புக்கொண்டால், அதைக் கூடாதென்று தடுப்பதற்கு சர்க்காருக்கு என்ன அதிகாரமிருக்கிறது? அப்படித் தடுப்பது அவனுடைய சுதந்திரத்தில் கை வைப்பதாகாதா?" என்று ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்பட்டு வருகின்றது. கேட்பவர்கள் பெரும்பாலும் முதலாளிகளும், அவர்களுக்காக வக்காலத்து வாங்கிப் பேசுகிறவர்களுமே ஆவார்கள். தினம் 12 மணி நேரம் நின்று உழைக்கிற தொழிலாளி எவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை. அவனுடைய சுதந்திரத்தைப் பற்றி அவனுக்கே இல்லாத கவலை இவர்களுக்கு ஏன் உண்டாயிற்று என்பதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

நம் நாட்டிலேயே 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. அப்பொழுது அமுலிலிருந்த 1948-ம் வருஷத்து பாக்டரி சட்டத்தின் வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்குக் கொடுக்கவும், தினம் 12 மணி நேரம் வரை வேலை வாங்கவும் வழி செய்வது அந்த மசோதா. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. அதற்கு மந்திரிகள் சொன்ன சமாதானம், இது விரும்புகிற தொழிலாளர்களுக்கு மாத்திரந்தான் என்பதாகும். தொழிற்சங்கங்கள் கிளம்பியதன் பேரில் மூன்றாம் நாளே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே மாதம் முதல் தேதி வாபஸ் பெறப்பட்டதாக முதல் மந்திரி அறிவித்தார். வாபஸ் பெற்றதைப் பாராட்டுகின்றோம். ஆனால் "விரும்புகிறவர்களுக்கு மாத்திரம்" என்ற வார்த்தை வாபஸ் ஆகவில்லை. அது எந்த மாகாணத்திலும் எந்தக் கட்சியின் வாயிலும் மறுபடியும் வரக்கூடியது. ஆகையால் அந்த வார்த்தையின் யோக்கியதை என்ன, அதை நம்பிய ஒரு நாடு என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லுவதே இத்தலையங்கத்தின் நோக்கமாகும்.

அந்த வார்த்தைக்கு அமெரிக்காவில் "ஒப்பந்த சுதந்திரம்" என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெரிய மாகாணங்களில் ஒன்றான நியூயார்க்கு மாகாணத்தில், சட்டசபை தொழிலாளிகளுக்காகச் சட்டம் செய்வதும், கோர்ட்டுகள் "ஒப்பந்த சுதந்திரம்" என்று சொல்லி அந்தச் சட்டங்களைக் கிழித்துப் போடுவதுமாகச் சுமார் 50 வருஷ காலம் நடந்தது. அந்தச் சரித்திரம் நம்மவர்களுக்கு நல்ல பாடமாகும்.

முதலில் சுருட்டுக் கதை. நியூயார்க்கு நகரத்தில் அக்காலத்தில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளிகள், முதலாளி கொடுக்கும் புகையிலையைத் தாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீட்டு அறையிலேயே வைத்துக்கொண்டு, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, பெண்டு பிள்ளைகளுடன் இராப்பகலாகச் சுருட்டுச் சுற்றி வந்தார்கள். புகையிலை நெடியில்தான் குழந்தை வளர்ந்தது. இதைத் தடுக்க 1884-ல் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தியோடர் ரூஸ்வெல்ட் என்பவர் அப்பொழுது இளவயதுச் சட்டசபை மெம்பர். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியானவர். அவர் முதலில் இம்மாதிரிச் சட்டம் கூடாதென்ற எண்ணத்தில் இருந்தவர்; தொழிலாளர் தலைவர்கள் அழைத்துப் போய் அந்த அறைகளை நேரில் காட்டிய பிறகு மனம் மாறி ஆதரித்தார். ஆனால் 1885-ல் மாகாணத்தின் மேலான கோர்ட்டாகிய அப்பீல் கோர்ட்டு, "தன் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவனை வீட்டைவிட்டு விரட்டுவது அவனுடைய சுதந்திரத்துக்கு விரோதம்" என்ற கருத்தில் சட்டத்தைத் தள்ளிவிட்டது. அறையைப் பார்த்தவர் மனம் மாறினார்; பாராதவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அடுத்தது ரொட்டிக் கதை. ரொட்டி சுடுகிற இடங்கள் பெரும்பாலும் அடுக்கு வீடுகளின் கீழேயுள்ள நிலவறைகள். தலைக்கு மேல் சாக்கடைக் குழாய், எதிரே அடுப்பு, மூக்கு நிறைய மாவுத் தூசி. இந்நிலையில் இரவு முழுவதும் வேலை. இதற்காக 1895-ல் நியூயார்க்கு சட்டசபை, ரொட்டித் தொழிலாளி தினம் 10 மணி நேரத்துக்கு மேலும், வாரம் 60 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக் கூடாதென்று சட்டம் செய்தது. இரண்டு சபைகளிலும் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுக் கொடுக்கவில்லை. யூட்டிகா என்னும் ஊரில் லாக்னர் என்ற ரொட்டிக் கடை முதலாளிக்கு இந்தச் சட்டத்தின்படி 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் அப்பீலுக்குப் போனார். மாகாணத்தின் முதல் அப்பீலில் 3 ஜட்ஜுகள் சட்டம் செல்லும் என்றார்கள், 2 பேர் செல்லாது என்றார்கள். மாகாண மேலான கோர்ட்டில் 4 பேர் செல்லும் என்றார்கள், 3 பேர் செல்லாது என்றார்கள். பிறகு வாஷிங்டன் நகரத்திலுள்ள அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 1905-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி 4 பேர் செல்லும் என்றார்கள், 5 பேர் செல்லாது என்றார்கள். சட்டம் செத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மூன்று கோர்ட்டுகளிலும் தலையை எண்ணிக் கூட்டிப் பார்த்தால், சட்டம் செல்லும் என்றவர்கள் 11 பேர். செல்லாது என்றவர்கள் 10 பேர். சட்டசபையிலோ எல்லோரும் ஒருமுகம். ஆனாலும் கடைசி அறையில் உட்கார்ந்திருந்த ஐவரில் ஒருவருடைய அபிப்பிராயம் ஒரு மாகாணத்து ரொட்டித் தொழிலாளிகள் அத்தனை பேருடைய தூக்கத்தையும் பறித்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. முதலாளி பக்கத்தில் நின்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிய வைஸ்மன் என்பவர் யார்? பத்து வருஷத்துக்கு முன் ரொட்டித் தொழிலாளர் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து, இதே சட்டத்தை நிறைவேற்ற வேண்டுமென்று பாடுபட்டவர். பிறகு தாமே ரொட்டிக் கடை வைத்தார், முதலாளியானார், அபிப்பிராயமும் மாறிற்று. மனிதனுடைய அபிப்பிராயம் அவன் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இது வக்கீலுக்கு மாத்திரமல்ல, ஜட்ஜுக்கும் பொருந்தும்.

சுப்ரீம் கோர்ட்டு எந்தச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு இதைச் செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் 14-வது திருத்தம் என்று ஒன்று 1868-ல் சேர்க்கப்பட்டது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களின் உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் எந்த மாகாண சர்க்காரும் நியாய விசாரணையின்றிப் பறிக்கக் கூடாதென்பதற்காக உண்டான திருத்தம் அது. அந்தக் கறுப்பு மக்கள் தென் மாகாணங்களில் ஓட்டில்லாமலும், சம உரிமையில்லாமலும், ரயிலில் தனி வண்டியில் ஒதுக்கப்பட்டும் கிடந்த காலத்தில், அவர்களைக் காப்பாற்ற அந்தத் திருத்தம் வரவில்லை. ரொட்டிக் கடை முதலாளி 10 மணிக்கு மேல் வேலை வாங்குவதற்கு மாத்திரம் அது ஓடி வந்தது! அடிமையின் சங்கிலியை அறுப்பதற்கென்று செய்த அரத்தைக் கொண்டு கூலியாளின் வேலியை அறுத்த கதைதான் இது.

அந்தத் தீர்ப்பில் சேராமல் மாறுபட்டு எழுதிய ஜட்ஜுகளில் ஹோம்ஸ் என்பவர், நாட்டில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாத ஒரு பொருளாதாரக் கொள்கையை ஜட்ஜுகள் அரசியல் சட்டத்துக்குள் நுழைக்கக் கூடாதென்று கண்டித்தார். ஹார்லன் என்பவர், ரொட்டித் தொழிலாளிகளின் உடல் நலம் எப்படிக் கெடுகிறதென்பதை எடுத்துக் காட்டினார். இவைகளெல்லாம் இன்று புகழப்படுகின்றன. அன்று பலிக்கவில்லை.

நிற்க, இந்த "ஒப்பந்த சுதந்திரம்" என்பதுதான் என்ன? இரண்டு பேர் சேர்ந்து மனம் ஒப்பிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் என்று பெயர். மாட்டுச் சந்தையில் மாடு விற்கிறவன், விலை கட்டாவிட்டால் மாட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் அடுத்த வாரம் வரலாம். ஆனால் உழைப்பை விற்கிறவன் அடுத்த வாரம் வர முடியுமா? இன்றைய உழைப்பு இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு அது கிடையாது. இன்றைக்குச் சோறும் கிடையாது. முதலாளிக்கு ஒரு தொழிலாளி போனால் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். தொழிலாளிக்கு அந்த வேலை போனால் அடுப்பில் பூனை தூங்குகிறது. ஒருவன் "முடியாது" என்று சொல்லக் கூடிய நிலையில் இருந்தால்தானே அவன் "சரி" என்று சொல்லுவதற்குச் சம்மதம் என்று பெயர்? "முடியாது" என்று சொல்ல வழியில்லாதவன் சொல்லுகிற "சரி"க்கு நிர்ப்பந்தம் என்றுதான் பெயர். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுவதுபோல, தொழிலாளியின் சுதந்திரம் போகிறதே என்று முதலாளி அழுகிறான்.

இது இவ்விதமிருக்க, 1907-ல் அதே நியூயார்க்கு கோர்ட்டு, பெண்களை இரவு 9 மணிக்கு மேல் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாதென்ற சட்டத்தையும் தள்ளிற்று. புஸ்தகம் கட்டும் ஒரு தொழிற்சாலையில் இரவு 10 மணிக்கு மேல் ஒரு பெண் வேலை செய்ததாக வந்த வழக்கு அது. கோர்ட்டு சொன்ன காரணம், பெண்ணுக்கும் ஆணைப்போல் ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் உண்டு என்பதாகும். மகிழ்ச்சிதான்! ஆனால் அந்த மாகாணத்தில் அப்பொழுது பெண்ணுக்கு ஓட்டுக்கூடக் கிடையாது, 1917-ல்தான் கிடைத்தது. சட்டம் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுக்க யோக்கியதையில்லாத பெண்ணுக்கு இராத்திரி முழுவதும் உழைக்க மாத்திரம் ஆணோடு சமத்துவம் வழங்கப்பட்டது.

இனி எல்லாவற்றையும்விடக் கொடுமையான பாகத்துக்கு வருவோம். அக்காலத்தில் ஒரு தொழிலாளி வேலையில் கை கால் இழந்தால் நஷ்ட ஈடு பெறுவது மிகவும் கஷ்டம். உடன் வேலை செய்தவன் தவறினால் விபத்து நேர்ந்தாலும் முதலாளி பொறுப்பல்ல. தொழிலாளியிடம் சிறிது கவனக் குறைவு இருந்தாலும் பொறுப்பல்ல. ஆபத்தான வேலை என்று தெரிந்தே வந்தான் என்றாலும் பொறுப்பல்ல. "தெரிந்தே சம்மதித்தான்" என்பது இங்கேயும் வந்துவிட்டது. இந்த அநியாயத்தை விசாரிக்க ஒரு கமிஷன் ஏற்பட்டு, 1910-ல் நியூயார்க்கு சட்டசபை, ஆபத்தான எட்டு வகைத் தொழில்களில் விபத்து நேர்ந்தால் யார் தவறென்று பாராமல் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்று சட்டம் செய்தது. ஒரு ரயில்வே தொழிலாளி காலில் அடிபட்டு நஷ்ட ஈடு கேட்டார். 1911-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி மாகாண மேலான கோர்ட்டின் ஜட்ஜுகள் அத்தனை பேரும் ஒருமித்து, தவறு செய்யாத முதலாளியின் பணத்தை எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுப்பது சொத்துரிமைக்கு விரோதமென்று அந்தச் சட்டத்தையும் தள்ளினார்கள்.

மறு நாள் மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கு நகரத்தில் டிரையாங்கிள் என்னும் பெண்கள் மேல்சட்டை தைக்கும் கம்பெனி, பத்து மாடிக் கட்டிடமொன்றின் 8, 9, 10-வது மாடிகளில் நடந்து வந்தது. சாயங்காலம் வேலை முடியும் வேளையில் 8-வது மாடியில் தீப்பிடித்தது. 9-வது மாடியில் ஒரு மாடிப்படிக் கதவு பூட்டிக் கிடந்தது. தொழிலாளிகள் துணி திருடிக்கொண்டு போகாமல் இருக்க, ஒரே வழியாக வெளியே விட்டுச் சோதிப்பதற்காகப் பூட்டுவது அங்கு வழக்கமென்று சாட்சிகள் சொன்னார்கள். வெளியே தொங்கிய இரும்பு ஏணி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைக்க வந்தவர்களின் ஏணி 6-வது மாடி வரையில்தான் எட்டிற்று. சுமார் அரை மணி நேரத்துக்குள் 146 பேர் வெந்தும், புகையில் மூச்சு முட்டியும், சன்னலிலிருந்து குதித்தும் செத்தார்கள். இவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் ருஷ்யா முதலிய நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த ஏழை வீட்டுப் பெண்கள், யூதர்கள் அநேகர். 14 வயதுச் சிறுமிகளும் உண்டு.

இந்தப் பெண்கள் ஊமைகளாக இருந்து செத்தவர்களல்ல. 1909-ல் நியூயார்க்கில் மேல்சட்டை தைக்கும் பெண்கள் சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது டிரையாங்கிள் தொழிலாளிகளும் அதில் முன்னணியில் நின்றார்கள். அப்பொழுது கைதாகி வந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு மாஜிஸ்திரேட், "நீ கடவுளுக்கு விரோதமாக வேலைநிறுத்தம் செய்கிறாய்" என்ற கருத்தில் பேசினார். கடவுள் எந்தத் தையல் கம்பெனியில் பங்குதாரர் என்பதை அந்த மாஜிஸ்திரேட் சொல்லவில்லை. கோர்ட்டுக்கு ஆதாரம் குறையும்போது கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது நம் நாட்டில் மாத்திரமல்ல என்று தெரிகிறது.

முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்கு அந்நேரத்தில் தெரியுமென்று சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை என்பதாக 1911 டிசம்பரில் விடுதலையானார்கள். 1914-ல் 23 குடும்பங்களின் வழக்குகள் உயிர் ஒன்றுக்கு 75 டாலர் என்று முடிந்தன. முதலாளிகளுக்கோ இன்ஷுரன்ஸ் கம்பெனியிலிருந்து அவர்கள் நஷ்டத்துக்கு மேலாகவே பணம் வந்தது. அவர்களில் ஒருவர் 1913-ல் மறுபடியும் தம் தொழிற்சாலைக் கதவைப் பூட்டி வைத்ததாகப் பிடிபட்டு 20 டாலர் அபராதம் கட்டினார். 146 பேர் செத்த பிறகும் அந்தப் பூட்டுத் திறக்கவில்லை என்றால், "முதலாளிகளின் மனச்சாக்ஷிக்கே விட்டுவிடலாம்" என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

ஆனால் ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த பாகம். லட்சக்கணக்கானவர்கள் மழையில் நனைந்துகொண்டு சவ ஊர்வலம் நடத்தினார்கள். 1911 ஜூன் மாதம் சட்டசபை ஒரு தொழிற்சாலை விசாரணைக் கமிஷனை நியமித்தது. ராபர்ட் வாக்னர் தலைவர். ஆல் ஸ்மித் உபதலைவர். பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்னும் அம்மையார் அந்தத் தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர், கமிஷனுக்காக உழைத்தவர். அவர் கமிஷன் மெம்பர்களை விடியற்காலையிலும் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போனார். ஒரு தொழிற்சாலையில் சுவரிலிருந்த சிறு துவாரத்தின் வழியாக வாக்னரை நுழையச் சொல்லி, பனி உறைந்து, தரைக்கு எட்டாமல் நின்றுவிட்ட ஏணியைக் காட்டி, "இதுதான் இங்கே தீக்குத் தப்பும் வழி" என்று தெரிய வைத்தார். இந்த அம்மையார்தான் 1933-ல் அமெரிக்காவின் தொழில் மந்திரியானார். அந்நாட்டு மந்திரி சபையில் முதல் பெண் அவரே.

அந்தக் கமிஷன் உழைப்பினால் சில வருஷங்களுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் உண்டாயின. வேலை நேரத்தில் கதவு பூட்டக் கூடாது; தீ ஒத்திகை நடத்த வேண்டும்; உயர்ந்த கட்டிடங்களில் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய் வேண்டும்; பெண்களுக்கு வாரம் 54 மணிக்கு மேல் வேலை கூடாது; வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பவை அவற்றில் சில. நஷ்ட ஈட்டுச் சட்டத்தைக் கோர்ட்டு தள்ளியதற்கு ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரசியல் சட்டம் தடுக்கிறதென்று ஜட்ஜுகள் சொன்னால், அரசியல் சட்டத்தையே திருத்துகிறோம் என்று 1913 நவம்பரில் ஓட்டுப் போட்டு மாகாண அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். உடனே நஷ்ட ஈட்டுச் சட்டம் மறுபடியும் செய்யப்பட்டது. 1917-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. 1907-ல் இரவு வேலைச் சட்டத்தைத் தள்ளிய அதே மாகாணக் கோர்ட்டு, கமிஷன் சேர்த்த விஷயங்கள் எதிரே வந்த பிறகு, 1915-ல் அதே மாதிரியான சட்டத்தைச் செல்லும் என்றது. எட்டு வருஷத்தில் சட்டத்தைப் படிக்கிறவர்களின் கண் மாறிற்று.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவு வேலைத் தடை பெண்களுக்கு மாத்திரம் இருந்ததால், பத்திரிகை அச்சுக் கூடங்களில் நல்ல சம்பளத்தில் இரவு வேலை பார்த்த பெண்கள் வேலை இழந்தார்கள். அவர்கள் போராடி 1921-ல் விலக்குப் பெற்றார்கள். பாதுகாப்பு என்ற பெயரால் பெண்ணைத் தனியாகப் பிரித்தால், அந்தப் பாதுகாப்பே அவளை வெளியே தள்ளும் கதவாகிவிடும். ஆகவே வேலை நேரக் கட்டுப்பாடு ஆண் பெண் இருபாலாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

கூலி விஷயத்திலும் இதே கதைதான். 1933-ல் நியூயார்க்கு சட்டசபை பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செய்தது. அதன்படி சலவைத் தொழிலில் பெண்ணுக்கு வாரத்துக்கு 12 டாலர் 40 செண்டு என்று ஏற்பட்டது. புரூக்ளினிலுள்ள ஒரு சலவைச் சாலை நிர்வாகி அதற்குக் குறைவாகக் கொடுத்துக் கணக்கில் சரியாகக் காட்டியதாகப் பிடிபட்டார். அந்த வழக்கில் 1936 ஜூன் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டு 5-க்கு 4 என்று, குறைந்தபட்சக் கூலி விதிக்க எந்த மாகாணத்துக்கும் அதிகாரமில்லை என்றது. பத்து மாதம் கழித்து 1937 மார்ச் 29-ல், வாஷிங்டன் மாகாணத்தில் ஹோட்டல் அறை துப்புரவு செய்யும் ஒரு பெண் போட்ட வழக்கில், அதே கோர்ட்டு அதே 5-க்கு 4 என்று, அதிகாரம் உண்டு என்றது! ஒரு ஜட்ஜு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்தார்; அவ்வளவுதான். அதோடு "ஒப்பந்த சுதந்திரம்" என்னும் வாதம் செல்வாக்கிழந்தது. சுருட்டு வழக்கிலிருந்து எண்ணினால் 52 வருஷம். இந்த 52 வருஷத்தில் அந்தச் சுதந்திரத்துக்குப் பலியான கைகளையும் கால்களையும் உயிர்களையும் யார் எண்ணி வைத்தார்கள்?

1938-ல் நியூயார்க்கு ஜனங்கள் தங்கள் மாகாண அரசியல் சட்டத்தை மறுபடியும் திருத்தினார்கள். மனிதனுடைய உழைப்பு விற்பனைச் சரக்கல்ல என்றும், தொழிலாளிகளுக்குச் சங்கம் சேரவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமையுண்டு என்றும் அதில் எழுதினார்கள். ஆனால் அதற்கு முந்திய வருஷம் செய்த தொழிலுறவுச் சட்டத்தில் வயல் வேலைக்காரர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். கிராமத்துத் தோழர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆலைக்காரனுக்குச் சட்டம் வந்தாலும் வயற்காட்டுக்காரனுக்கு அது கடைசியில்தான் வருகிறது, எந்த நாட்டிலும். ஒரு பால் பண்ணைத் தொழிலாளி சங்கம் சேர்க்கக் கூட்டம் போட்டதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டார். அவர் போட்ட வழக்கில் 2019 மே மாதம் 23-ந் தேதி அந்த மாகாண அப்பீல் பிரிவுக் கோர்ட்டு, 1938-ம் வருஷத்து வாக்கியத்தை எடுத்து வைத்து, வயல் வேலைக்காரர்களை ஒதுக்கியது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் ஜூனில் சட்டசபையும் அவர்களுக்குச் சங்க உரிமையும், வாரம் ஒரு நாள் ஓய்வும், 60 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு அதிகக் கூலியும் கொடுக்கும் சட்டம் செய்தது. அந்த 60 மணி படிப்படியாகக் குறைந்து 2032-ல் 40 மணி ஆக வேண்டுமென்பது ஏற்பாடு. எழுதி வைத்த ஒரு வாக்கியம் வயலுக்கு வந்து சேர 81 வருஷம் பிடித்தது. ஆனால் எழுதி வைத்திராவிட்டால் வந்தே இருக்காது.

இதனால் கோர்ட்டுகளெல்லாம் எப்பொழுதும் தொழிலாளிக்கு விரோதி என்று நாம் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் குஜராத் சர்க்கார், கொரோனாத் தொத்து நோயைக் காரணமாகச் சொல்லி, தொழிற்சாலைகளில் தினம் 12 மணி, வாரம் 72 மணி வேலை வாங்கலாமென்றும், அதிக நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டியதில்லை என்றும் உத்தரவு போட்டது. அதைத் தொழிற்சங்கம் எதிர்த்துப் போனதில், அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி இந்திய சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுகளை ரத்துச் செய்து, அதிக நேர வேலைக்குச் சட்டப்படியான கூலியைக் கொடுக்கச் சொல்லிற்று. நியூயார்க்கில் நல்ல சட்டத்தைக் கோர்ட்டு தள்ளியது. இங்கே கெட்ட உத்தரவைக் கோர்ட்டு தள்ளியது. ஆகையால் சட்டசபை நல்லது, கோர்ட்டு கெட்டது என்றோ, கோர்ட்டு நல்லது, சட்டசபை கெட்டது என்றோ ஒரேயடியாக நம்புவது மூடநம்பிக்கையேயாகும். சட்டமும் மனிதன் செய்தது. தீர்ப்பும் மனிதன் எழுதியது. இரண்டையும் அதனதன் பலனைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

"இப்படியெல்லாம் சட்டம் செய்தால் தொழில் ஓடிப்போகும், வேலையே கிடைக்காது" என்று பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவைப் பூட்டாதே என்று சொன்னபோதும், நஷ்ட ஈடு கொடு என்று சொன்னபோதும், நியூயார்க்கிலும் இதே பயமுறுத்தல்தான் வந்தது. நியூயார்க்கு பட்டணம் பாழாய்ப் போய்விட்டதா? உலகத்தின் பெரும் வியாபாரப் பட்டணமாக அது இன்றும் நிற்கின்றது. தொழிலாளி செத்தால்தான் பிழைக்கும் என்கிற தொழில் ஏதாவது இருக்குமானால், அது தொழிலல்ல.

நமது நாட்டில் 29 பழைய தொழிற் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகளில் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கேட்கலாம். தோழர்கள் அந்த வார்த்தைகளில் மயங்காமல், எந்த விதியை எடுத்தாலும் மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்டுப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறோம். இந்த விதியின்படி "முடியாது" என்று சொல்லுகிற தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்குமா? அவன் சங்கத்தில் சேர்ந்தால் அவனைக் காப்பாற்ற ஏதாவது உண்டா? ஆலைக்கு உண்டான விதி வயலுக்கும், வீட்டு வேலைக்கும், ஒப்பந்தக் கூலிக்கும் உண்டா? இந்த மூன்றுக்கும் உண்டு என்று பதில் வந்தால் அவன் சம்மதத்தைச் சம்மதம் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லை என்று வந்தால், அதற்கு எவ்வளவு அழகான பேர் வைத்தாலும் அது பசியின் கையெழுத்தே தவிர தொழிலாளியின் கையெழுத்தல்ல.

நியூயார்க்குத் தொழிலாளிகளுக்கு உரிமைகள் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததால் வரவில்லை. சங்கம் சேர்ந்தார்கள், விசாரிக்கச் செய்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், எழுத்தில் எழுதி வாங்கினார்கள். ஆனால் அங்கே 146 பேர் எரிந்த பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. நாமும் அப்படியொரு நெருப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் தொழிலாளிகளும் கூலிக்காரர்களும் கூடி, தங்களைப் பற்றிய சட்டங்களை எழுத்துத் தெரிந்தவர்களைக் கொண்டு தமிழில் படிக்கச் செய்து தெரிந்துகொள்ளுவதை இந்த வாரத்திலேயே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.